கண்காணிப்பில் இருக்கும் ஆர்கன்

நவம்பர் 2, ஞாயிறு

இன்று ஆராதனையில் காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது ஆலயத்து எலெக்ட்ரிக் ஆர்கன் புகைந்தது. சபையார் புகையைக் கவனிக்கவில்லை, பாட்டு நின்றதைத்தான் கவனித்தார்கள். பின்பலகையைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே ஒரு எலிக் குடும்பம் பல தலைமுறையாக வாழ்ந்த அடையாளம் தெரிந்தது. ஒயர் ஒன்றுகூட மிச்சமில்லை. பழுது பார்க்கவே முடியாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் அங்கேயே கமிட்டி கூடியது. எங்கள் கிருபாபுரத்தில் கமிட்டி கூடுவதற்கு நாலு பேர் வெயிலுக்கு ஒதுங்கினால் போதும். செயலாளர் குணசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“டவுன்ல மெல்லிசைக் குழு வச்சிருக்கான்லா ஸ்டான்லி, அவன்ட்ட சொந்தமா கீபோர்டு இருக்கு. டிரம் சத்தமெல்லாம் அதுலயே வந்துரும். ஞாயித்துக்கிழம தோறும் வந்து வாசிக்கேங்கான். வயலெட் அக்காவும் இத்தன வருசம் வாசிச்சிட்டாவ. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

வயலெட் என் மனைவி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வாரத்திலிருந்து அந்த ஆர்கன் பெஞ்சில்தான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் பாமாலைப் புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ரெஸ்ட் வேண்டுமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

நான் எழுந்தேன். தொலைபேசி நிலையத்தில் கோளாறுப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் இருக்கும் சபையில், கோளாறுக்கு டவுனிலிருந்து ஆள் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் ஆர்கன் மென்பொருளை ஏற்றி, கட்டை மட்டும் உள்ள ஒரு கீபோர்டை இணைத்தால் பெரிய தேவாலயங்களின் குழாய் ஆர்கன் சத்தம் அப்படியே வரும் என்று விளக்கினேன். எங்கள் போதகரை ஊர் வழக்கப்படி ஐயர் என்போம். ஐயர் ஆவலாகக் கேட்டார். முடிவில் தீர்மானம் ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு கேரல் ஆராதனையில் இது ஒழுங்காக ஓடினால் வயலெட்டே தொடர்ந்து வாசிக்கலாம். ஓடாவிட்டால் புது வருஷத்திலிருந்து ஸ்டான்லி.

வீட்டுக்கு வரும் வழியில் வயலெட் சொன்னாள்:

“என்ட்ட ஒரு வார்த்த கேக்காம என் பெஞ்ச பந்தயம் வச்சிட்டு வந்துட்டீயளே.”

நன்றியை அவள் எப்போதும் இப்படித்தான் சொல்வாள். மதியம் அவள் சாப்பிடவில்லை. வாயுத் தொல்லையாக இருக்கும்.

நவம்பர் 8, சனி

பார்சல் வந்தது. வயலெட் அதற்குச் “சோப்பு டப்பா” என்று பெயர் வைத்திருக்கிறாள். பகல் முழுவதும் மென்பொருள் ஏற்றினேன். சின்னக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்க என் பழைய செல்போன் சார்ஜர் பொருத்தமாக இருந்தது.

மாலையில் அவளைக் கூப்பிட்டேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றபடியே ஒரு கட்டையை அழுத்தினாள். வந்த சத்தத்தில் ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஒரு பாட்டின் முதல் அடியை வாசித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து நாளாகிவிட்டது.

இரண்டாம் அடியில் சத்தம் ஒரு கணம் அறுந்தது. டக்கென்று ஒரு சொடுக்கு. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தது.

“விக்குது. தண்ணி குடுங்க” என்றாள். இருவரும் சிரித்தோம். இந்தக் கோளாறு இனிமேல் ‘விக்கல்’ என்றே பதிவாகும்.

நவம்பர் 10, திங்கள்

விக்கலின் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டர் சத்தத்தைச் சிறு சிறு வாளிகளாக (பஃபர் என்கிறார்கள், எனக்கு வாளி) மொண்டு ஸ்பீக்கருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வேறு வேலையில் மாட்டிக்கொண்டு ஒரு வாளி நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அந்த இடத்தில் சத்தம் அறுந்துபோகும். இது சின்னக் கம்ப்யூட்டர், அதற்குக் கைகள் குறைவு. ஆகவே அது என்ன வேலையில் மாட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது என் தொழில். புகார் வந்த லைனில் நடுவில் இணைந்து காதுகொடுத்துக்கொண்டே இருப்பேன். நான் கண்காணித்த லைன்களில்தான் எப்போதும் இரைச்சல் அதிகம். சரியான லைன்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. காரணமே தெரியாமல் சரியாகிவிடும் லைன்களுக்கு எங்கள் பிரிவில் ஒரு வாசகம் உண்டு: ‘சோதித்தபோது சரியாக உள்ளது.’ அப்படி எழுதிப் புகாரை முடித்துவிடுவோம். எழுதும்போது எனக்கு மனசு கேட்காது.

இன்று ஒரு கண்காணிப்பு நிரல் எழுதினேன். மடிக்கணினியை ஒரு கேபிளால் இணைத்து நான் உத்தரவு கொடுத்ததும், சின்னக் கம்ப்யூட்டரின் சூடு, வேலைப்பளு, மின்னழுத்தம் மூன்றையும் அது இடைவிடாமல் மெமரி கார்டில் எழுதும். என் திரையில் வரைபடமாகவும் காட்டும். கேபிளைக் கழற்றினால் நின்றுவிடும். பச்சைக் கோடு மிக அழகு.

நவம்பர் 13, வியாழன்

மின்னழுத்தம் போதவில்லை என்று வரைபடமே காட்டிக்கொடுத்தது. குற்றவாளி செல்போன் சார்ஜர். அதற்கென்றே உள்ள அடாப்டரை வாங்கி மாட்டினேன். விக்கல் பெருமளவு குறைந்தது. வயலெட் ஒரு பாட்டு முழுக்க வாசித்து ஒரே ஒரு தடவைதான் விக்கியது.

“போதும், இப்படியே விட்டுருங்க” என்றாள்.

அந்த ஒன்றையும் ஆதாரத்தோடு பிடிக்க இரண்டாவது நிரல் எழுதினேன். வாசிக்கும் சத்தம் முழுவதையும் அது பதிவு செய்து கார்டில் சேமிக்கும். மாலையில் விக்கல் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே புது அடாப்டர் மீதும் சந்தேகம் விழுகிறது.

நவம்பர் 15, சனி

சின்ன விசிறி ஒன்று பொருத்தினேன். விசிறி நன்றாகச் சுற்றுகிறது.

நவம்பர் 17, திங்கள்

இணையத்தில் இந்தத் துறையில் பழுத்தவர்கள் கூடும் ஒரு இடத்தில் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். வைஃபையை நிறுத்து, புளூடூத்தை நிறுத்து, தேவையில்லாமல் ஓடும் நிரல்கள் எல்லாவற்றையும் நிறுத்து, ஆர்கனை மட்டும் ஓடவிடு.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். இப்போது அதில் ஆர்கனும் என் நிரல்களும் தவிர எதுவும் இல்லை. என்னுடையவை தேவையானவை.

நவம்பர் 19, புதன்

கண் பரிசோதனைக்கு டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே எங்கள் வீட்டு ஆர்கன் கேட்டது. எதிர்வீட்டுப் பொன்மணி துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, காயப்போட மறந்து நின்றாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை சத்தம் எங்கும் அறுந்ததாகத் தெரியவில்லை.

உள்ளே போய் மடிக்கணினியை இணைத்து உத்தரவு கொடுத்தேன். உடனே விக்கியது.

“நீங்க வார வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் வயலெட். “காலைல இருந்து வாசிக்கேன், ஒரு விக்கல் கிடையாது.”

“நீ பாட்டுல லயிச்சுப் போயிருப்ப. கேட்டிருக்க மாட்ட.”

“பொன்மணியும் நின்னு கேட்டாளே.”

“அவளுக்கு என்ன தெரியும்?”

காலையில் பதிவு ஓடவில்லை. பதிவில்லாத நேரத்தில் விக்கல் இல்லை என்பதை எந்தப் பிரிவிலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் கீபோர்டின் மேல் துணியைப் போர்த்திவிட்டுக் காப்பி போடப் போனாள். காப்பியில் சீனி இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஐயரிடம் அனுமதி வாங்கி இன்று ஆராதனையிலேயே வெள்ளோட்டம். நேற்று வாளியின் அளவைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். பெரிய வாளி நிறைய நேரம் பிடிக்கும், ஆனால் நடுவில் அறுந்துபோகாது. விக்கல் அடியோடு நின்றது. பதிவில் ஒன்றுகூட இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கட்டையை அழுத்திய பிறகு சத்தம் வரக் கொஞ்சம் தாமதமானது உண்மைதான். வயலெட் முன்னால் வாசிக்க, ஆர்கன் பின்னால் வர, சபையார் ஆர்கனுக்காகக் காத்திருக்க, வயலெட் சபையாருக்காகக் காத்திருந்தாள். ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு பாட்டு ஊர்ந்து ஊர்ந்து போனது. எல்லோரும் உட்கார்ந்து ஐயர் பைபிளைத் திறந்த பிறகு கடைசி ஆமென் வந்து சேர்ந்தது. ஐயர் பைபிளை மூடிவிட்டு அதற்காக மறுபடி எழுந்து நின்றார். நல்ல மனிதர்.

குணசீலன் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

கடைசி பெஞ்சில் ஸ்டான்லி உட்கார்ந்திருந்தான். வேவு பார்க்க வந்திருப்பான். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து கைகட்டி நின்றான்.

“சத்தம் அருமையா இருக்கு அண்ணாச்சி. எங்கிட்ட இருக்க கீபோர்டுல இது வராது. பஃபர சின்னதாவே வச்சுக்கிடுங்க. மிஷின்ல ஆர்கன் கூட வேற என்னெல்லாம் ஓடுதுன்னு ஒருக்கா பாத்துட்டீயன்னா சரியாப் போயிரும்.”

“எல்லாத்தையும் பாக்கதுக்குத்தான் நிரல் ஓடிக்கிட்டு இருக்கு” என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் வந்துவிட்டேன். எதிராளியிடம் ரகசியங்களைப் பேசுவது நல்லதல்ல.

நவம்பர் 26, புதன்

வாளி பழைய அளவுக்கு வந்துவிட்டது. விக்கலும் வந்துவிட்டது.

வயலெட்டின் விரல்கள் எந்தக் கட்டையில் இருக்கும்போது விக்குகிறது என்று குறிக்க மூன்றாவது நிரல் எழுதினேன். முடிவு தெளிவாக இருக்கிறது. இரண்டு கையாலும் சேர்த்து வாசிக்கும் இடங்களில்தான் அதிகம் விக்குகிறது. இடது கையைத் தவிர்த்துவிட்டால் என்ன என்று கேட்டேன். வலது கையிலும் விரல்களைக் குறைத்தால் இன்னும் நல்லது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, ஒரு பாட்டு முழுவதையும் ஒவ்வொரு கட்டையாகக் குத்தி வாசித்து முடித்தாள்.

“இதுக்கு நான் எதுக்கு? பொன்மணி வீட்டுக் கோழியப் பிடிச்சாந்து விடுங்க. கொத்திட்டுப் போகட்டும்.”

ஒற்றை விரலுக்கும் இரண்டு முறை விக்கியது. கோழி விஷயம் பதிவில் சேர்க்கப்படவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு. வெள்ளோட்டம் தந்த அனுபவத்தால், எல்லாம் தயாராகும்வரை வாத்தியம் இல்லாமலே பாடுவது என்று கமிட்டி தீர்மானித்திருந்தது. ஆர்கன் பெஞ்ச் காலியாக இருந்தது. யாரோ அதன்மேல் குடையை வைத்திருந்தார்கள்.

வயலெட் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியதும் அவள் கைகள் முன் பெஞ்சின் முதுகுப்பலகைமேல் போயின. எல்லா விரல்களும், இடது கையும் சேர்த்து. பாட்டு முடியும்வரை பலகைமேல் வாசித்துக்கொண்டே இருந்தாள். முன்னால் இருந்த பெண் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விக்கலை எப்படியும் பிடித்தே ஆகவேண்டும். இன்னொரு நிரல் தேவை.

டிசம்பர் 4, வியாழன்

வீட்டு மின்சாரத்தில் ஏதாவது குறுக்கிடுகிறதா என்று பார்க்க ஃபிரிட்ஜை நிறுத்தினேன். பிறகு மிக்ஸி, மோட்டார், காலிங் பெல். பொன்மணி வீட்டு கிரைண்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிப் போய்க் கேட்டேன். அவள் மாவை அப்படியே போட்டுவிட்டு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

விக்கல் குறையவில்லை. ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். வஞ்சிர மீன் இருந்திருக்கிறது. வயலெட் மீனைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து பாத்திரத்தைத் தேய்த்த விதத்தில் எல்லாம் இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

பல நாளைக்குப் பிறகு வயலெட் பேசினாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே மடிக்கணினியோடு.

“நீங்க எக்ஸ்சேஞ்சுல இருந்த காலத்துல, நான் எங்க அம்மாட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தா நடுவுல டக்குன்னு ஒரு சத்தம் வரும். நெனவு இருக்கா?”

“அது லைன் டெஸ்டு. தரம் எப்படி இருக்குன்னு பாக்கது என் டியூட்டி.”

“அம்மா உடனே சொல்லுவா, ‘மாப்ள லைன்ல வந்துட்டாவ பிள்ள, வச்சிருதேன்’னு. அவளுக்கு எங்கிட்ட சொல்லதுக்கு எத்தனையோ இருந்துச்சு. சாகுத வரைக்கும் ஒரு பேச்சக்கூட நாங்க பேசி முடிக்கல.”

“நான் என்ன ஒட்டா கேட்டேன்? லைன் சுத்தமா இருக்கான்னு பாத்தேன், அவ்வளவுதான்.”

“அதத்தான் சொல்லுதேன்” என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தொலைபேசிச் சொடுக்குக்கும் ஆர்கன் சொடுக்குக்கும் தொழில்நுட்ப ரீதியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. மாமியாருக்குக் குரல் மெல்லியது. காதை நன்றாகத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும்.

டிசம்பர் 14, ஞாயிறு

மதியம் ஆலயத்தில் பாடகர் குழுவோடு ஒத்திகை. சின்னக் கம்ப்யூட்டரில் ஆர்கனோடு என் நிரல்கள் ஐந்து. புதிதாகச் சேர்த்தது, விக்கல் நேர்ந்த மறுகணம் அதுவரை நடந்த எல்லாவற்றையும் திரட்டி ஒரு அறிக்கையாகக் கார்டில் எழுதிவிடும். ஒரு விக்கலுக்கு அறிக்கை எழுதி முடிப்பதற்குள் அடுத்த விக்கல் வந்துவிடுகிறது. அதற்கும் அறிக்கை எழுதப்படுகிறது. ஒன்றைக்கூட அது தவறவிடவில்லை.

சோப்ரானோப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி விக்கல் வரும் இடத்தில் நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். வயலெட் கடைசிவரை நிறுத்தாமல் வாசித்தாள். சத்தம் அறுந்த இடங்களில் தானே வாய்விட்டுப் பாடி இட்டு நிரப்பினாள். முடித்து எழுந்தபோது கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

குணசீலன் ஐயரிடம் என் காதுபடச் சொன்னார்: “எதுக்கும் ஸ்டான்லியக் கீபோர்டோட வந்து இருக்கச் சொல்லுவோம். ஜனங்க நிறைஞ்சு இருக்கப்போ பாட்டு நின்னு போச்சுன்னா அசிங்கமாப் போயிரும்லா.” ஐயர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். வயலெட்டும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

வீட்டுக்கு அவள் எனக்கு முன்னால் நடந்தாள். நான் எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். அவளும் எட்டிப்போட்டாள்.

டிசம்பர் 18, வியாழன்

மனசு சரியில்லை. அவளுக்கு அந்தப் பெஞ்ச் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். எல்லாம் என்னால்தான் காப்பாற்றப்பட வேண்டும்.

திட்டம் போட்டாகிவிட்டது. பீடத்துக்குப் பக்கத்தில் ஐயர் அங்கி மாற்றும் அறையில் நான் மடிக்கணினியோடு இருப்பேன். அங்கிருந்து சுவர் ஓரமாக ஆர்கன்வரை நீளக் கேபிள். ஆராதனை முழுவதும் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டேன். விக்கல் வந்தால் திரை சிவப்பாக மின்னுவதற்கு ஆறாவதாக ஒரு நிரல்.

டிசம்பர் 21, ஞாயிறு

கேரல் ஆராதனை. வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்து, வராந்தாவிலும் பெஞ்ச் போட்டிருந்தார்கள். பீடத்தின் பக்கத்தில் துணி போர்த்தி ஸ்டான்லியின் கீபோர்டு நின்றது. பிணத்தைக் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது எனக்கு.

முதல் பாட்டிலேயே திரை சிவந்தது. இரண்டாம் சரணத்தில் தொடர்ந்து சிவப்பு. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் ஒருவர் முதுகை ஒருவர் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குணசீலன் ஸ்டான்லிக்குக் கண்ணைக் காட்டினார். ஸ்டான்லி எழுந்திருக்கவில்லை.

பாட்டு ஒருவழியாக முடிந்தது. வேத வாசிப்பு தொடங்கியது. அப்போது வயலெட் ஆர்கனை விட்டு எழுந்தாள். வெள்ளைப் புடவையோடு சபை முழுவதும் பார்க்க நடந்துவந்து அறைக்குள் நுழைந்தாள்.

“இங்கேருங்க. எந்திரிச்சு வாங்க.”

“திரைய விட்டு எப்படி வருவேன்? இப்பத்தான் சிவப்பா—”

“நீங்க பாத்தது போதும். நான் வாசிக்கதக் கேக்கதுக்கு வாங்க. எம்புட்டு வருசம் வாசிச்சிருக்கேன், ஒரு நாளாவது உக்காந்து கேட்டிருக்கீயளா?”

நான் திரையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் கேபிளை உருவினாள். திரையில் வரைபடம் நின்றது. ஆறு நிரல்களும் அணைந்தன. கேபிளைக் கைவிரலில் சுற்றி, துணி காயப்போடும் கொடியைச் சுருட்டுவதுபோல் அழகாகச் சுருட்டி மேஜையில் வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்று இதே ஆலயத்தில் பிடித்ததற்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவள் என் கையைப் பிடித்தது இல்லை.

வேதம் வாசித்துக்கொண்டிருந்தவர் வசனத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். முன் பெஞ்சில் ஸ்டான்லி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தான். அங்கே என்னை உட்கார வைத்துவிட்டு அவள் போய் ஆர்கன் முன் அமர்ந்தாள்.

அடுத்த பாட்டு தொடங்கியது. நான் விக்கலுக்காகக் காத்திருந்தேன். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும். கை தானாக மடியைத் தடவியது, மடிக்கணினி இல்லை.

“அண்ணாச்சி, இனி வராது. பாட்டக் கேளுங்க” என்று ஸ்டான்லி காதோரம் சொன்னான்.

கேட்டேன். அவளுடைய இடது கை இவ்வளவு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஜனங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் ஒரு இழை நின்று, அவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த அடிக்குப் போனாள். கடைசிச் சரணத்துக்கு எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டதுபோல் ஒரு சத்தம் எழுப்பினாள். வராந்தாவில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்று பாடினார்கள். எப்போது கோளாறு தேடுவதை நிறுத்தினேன் என்று நினைவில்லை.

கண் கலங்கியது மெழுகுவர்த்திப் புகையால் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். புகை இல்லை. நான் அழுதேன்.

ஆராதனை முடியும்வரை விக்கல் நேரவில்லை. பதிவு ஏதும் இல்லாததால் இதை என் காதால் கேட்டதாக மட்டுமே சொல்ல முடியும்.

டிசம்பர் 22, திங்கள்

கமிட்டிக்கு இறுதி அறிக்கை கொடுக்க வேண்டியிருந்ததால் வீட்டில் முறைப்படி சோதித்தேன். வயலெட் மீன் வாங்கப் போயிருந்தாள். அவள் முன்பு வாசித்த விரல் பதிவிலிருந்து ஒரு பாட்டை என் நிரல்கள் இல்லாமல் ஓடவிட்டேன். பிறகு நிரல்களோடு. பிறகு மறுபடி இல்லாமல். முதல் நிரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தடவை. முடிவை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அறிக்கையில் எழுதியது: ‘கோளாறின் காரணம் கண்டறியப்படவில்லை. சோதித்தபோது சரியாக உள்ளது.’ கையெழுத்துப் போட்டுக் குணசீலனிடம் கொடுத்தேன். எழுதும்போது மனசு கேட்கவே இல்லை.

மாலையில் ஆறு நிரல்களையும் அழித்தேன். பச்சைக் கோட்டை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

கமிட்டி கூடியது. வயலெட்டே தொடர்ந்து வாசிப்பாள். குணசீலன் இந்த யோசனைக்குத் தான் ஆரம்பத்திலிருந்தே ஆதரவு என்று சொன்னார். ஆர்கன் பெஞ்சில் மறுபடி வந்திருந்த குடையை எடுத்துவிட்டார்கள். குணசீலனுடைய குடைதான்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விக்கல் இல்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வயலெட் நாகர்கோவிலில் இருக்கும் அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். நான் தண்ணீர் குடிக்க அடுக்களைப் பக்கம் போனேன். அந்த அறையைக் கடந்துதான் போகவேண்டும். கதவருகே நான் வந்ததும் அவள் பேச்சை நிறுத்தினாள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தாள்.

நான் திரும்பி வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பொன்மணி வீட்டுக் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பேச்சு மறுபடி தொடங்கியது. வெகுநேரம் பேசினார்கள். நடுவில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுததுபோலும் இருந்தது. வெயில் தாழ்ந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. லைன் சுத்தமாக இருந்திருக்க வேண்டும்.